சட்டைப்பை இல்லாத வியாபாரி

மூன்றாவது கடையிலும் தேங்காயைக் காதோரம் வைத்து ஆட்டிப் பார்த்துவிட்டு, ஒன்றும் சொல்லாமல் கீழே வைத்து, மறுபடியும் முதல் கடையை நோக்கி நடக்கிறார் கோதண்டம். மாங்காடு கோயில் தெருவில் ஞாயிற்றுக்கிழமைக் காலைக் கூட்டம். முதல் கடைக்காரிக்கு இது பழகிப்போன விஷயம். அவர் திரும்பி வருவதற்குள் அதே தேங்காயைத் தனியாக எடுத்து வைத்து, மனசுக்குள் விலையையும் குறைத்து வைத்திருக்கிறாள். அப்படியும் அவர் சும்மா வாங்கிவிட மாட்டார். "கடைசியா சொல்லு" என்பார். அவள் சொல்வாள். அவர் பேசாமல் நிற்பார். அவள் இன்னும் கொஞ்சம் இறங்குவாள். அதற்குப் பிறகுதான் மஞ்சள் பை வாய் திறக்கும்.

அம்பத்தூர் தொழிற்பேட்டையில், வண்டிகளுக்கு ரப்பர் வளையம் செய்யும் ஒரு சின்னத் தொழிற்சாலையில் கோதண்டம் பர்ச்சேஸ் ஆபீசர். ஆபீசர் என்றால் அந்தப் பிரிவில் அவர் ஒருவர்தான். எதை வாங்குவதாக இருந்தாலும் மூன்று பேரிடம் கொட்டேஷன் கேட்க வேண்டும், மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதி கம்பேரட்டிவ் ஸ்டேட்மென்ட் போட வேண்டும், அதில் யார் விலை குறைவோ அவரைக் கூப்பிட்டு உட்காரவைத்து இன்னும் குறைக்க வேண்டும் என்பது அங்கே விதி. பேட்டையில் பாதிக் கம்பெனிகளில் இந்த விதி உண்டு. மற்றவர்கள் சாயங்காலம் அதை ஆபீசிலேயே கழற்றி மாட்டிவிட்டு வீட்டுக்குப் போகிறார்கள். இவர் போட்டுக்கொண்டே போகிறவர்.

ஒரு தடவை கடைவாய்ப் பல் வலித்தபோது மாங்காட்டில் ஒரு டாக்டர், ஐயப்பன்தாங்கலில் ஒரு டாக்டர், பூந்தமல்லியில் ஒரு டாக்டர் என்று மூன்று பேரிடம் வாயைத் திறந்து காட்டிவிட்டு வந்தார். மூவரின் கட்டணத்தையும் எழுதி, யாரைக் கூப்பிட்டுப் பேசலாம் என்று கன்னத்தில் கை வைத்து யோசித்துக்கொண்டிருந்தபோதே பல் ஆடி ஆடித் தானாக விழுந்துவிட்டது. அவர் மனைவி கோமளா அதை இன்றைக்கும் விருந்தாளிகளிடம் சொல்லிச் சிரிக்கிறாள். கோதண்டம் சிரிப்பதில்லை. பைசா செலவில்லாமல் முடிந்ததே என்று யாராவது பாராட்டினால் அவர் முகம் சுருங்கிவிடும். "அது பேசி முடிச்சது இல்லபா. தானா வந்துது. அதுல இன்னா கீது?" என்று எழுந்து போய்விடுவார்.

தொழிற்சாலைக்குள் நுழைந்ததும் இடது பக்கம் அவருடைய அறை. பாதிச் சுவர் செங்கல், மீதி கண்ணாடி. உள்ளே ஒரு மேசை, இந்தப் பக்கம் அவர், அந்தப் பக்கம் வியாபாரிக்கு ஒரு நாற்காலி, தலைக்கு மேல் ஒரு ஏசி. அந்த ஏசி அவருக்காக வந்ததில்லை. முன்பு அங்கே ரப்பர் பசை டின்களை அடுக்கியிருந்தார்கள், பசை இறுகிப்போகாமல் இருப்பதற்காக ஏசியை மாட்டினார்கள். பசை வேறு கட்டடத்துக்குப் போயிற்று, கோதண்டம் உள்ளே வந்தார், ஏசியைக் கழற்ற யாருக்கும் நேரம் கிடைக்கவில்லை.

அந்த அறையில் அவர் பேரம் பேசும் அழகே தனி. பேச மாட்டார், அதுதான் விசேஷம். வியாபாரி விலையைச் சொன்னதும் வாயை மூடிக்கொண்டு எதிராளியின் சட்டைப்பையையே பார்ப்பார். முகத்தைப் பார்த்தால் முகம் சிரித்து மழுப்பும், பைக்கு மழுப்பத் தெரியாது என்பது அவர் கண்டுபிடிப்பு. ஏசி ஓடும். வெளியே பிரஸ் மிஷின் இடிக்கும். கொஞ்ச நேரத்தில் வியாபாரி நெளிவார், பேனாவைச் சரி செய்வார், பையைக் கையால் மூடுவார், பிறகு யாரும் கேட்காமலே குறைக்கத் தொடங்குவார். போல்ட் நட்டு விற்கும் இருதயராஜ் இதற்கு ஒரு மாற்று வைத்திருந்தார். வாய் திறந்தால்தானே குறைப்போம் என்று வாய் கொள்ளாமல் வெற்றிலையை அடக்கிக்கொண்டு வந்து உட்கார்ந்தார். கோதண்டம் பையைப் பார்த்தார். இருதயராஜ் கூரையைப் பார்த்தார். துப்ப வழியில்லாத அந்த அறையில் கடைசியில் இருதயராஜ் எல்லாவற்றையும் விழுங்கிவிட்டு, கண்ணில் நீர் வரும்வரை இருமி, இருமலுக்கு நடுவே விலையைக் குறைத்தார். வியாபாரிக்குக் கொடுக்கிற டீயைக்கூடக் குடிக்காமல் எழுந்து போனார்.

"என் டேபிளுக்கு வந்த வெலை, வந்த மாரியே திரும்பிப் போனதில்ல" என்பார் கோதண்டம். இதைச் சொல்லும்போது மேசையை உள்ளங்கையால் ஒரு தட்டுத் தட்டுவார். அவருக்கு வேறு பெருமை கிடையாது. அவர் பிள்ளைகளைப் பற்றிக்கூட இவ்வளவு சொல்லிக்கொள்வதில்லை.

இப்படிப் போய்க்கொண்டிருந்தவருக்குப் பேரிங் ரூபத்தில் வந்தது வினை. ஸ்டோர் கம்ப்யூட்டரில் ஒரு பெட்டி நிறைய பேரிங் இருந்தது. ஸ்டோர் ரேக்கில் பெட்டி மட்டும் இருந்தது. அந்தப் பேரிங்குகளை மிஷினில் மாட்டிப் பல மாதம் ஆயிற்று என்றது உற்பத்திப் பிரிவின் கம்ப்யூட்டர். இன்னும் வாங்கவே இல்லை என்றது பர்ச்சேஸ். ஒவ்வொரு பிரிவும் தனித்தனியாக ஒரு எக்செல் கோப்பை வைத்துக்கொண்டு, தன்னுடையதுதான் உண்மை என்று அடித்துப் பேசியது. மூன்று உண்மைகளுக்கு நடுவே மிஷின் ஒரு வாரம் நின்றது. முதலாளி தமிழரசு பொறுமைசாலிதான், ஆனால் நிற்கிற மிஷினைப் பார்த்தால் அவருக்குத் தலை சுற்றும்.

அதனால் லாவண்யாவை வேலைக்கு எடுத்தார். ஆவடியிலிருந்து மின்சார ரயிலில் வந்து இறங்குகிற பெண், மென்பொருள் எழுதுகிறவள், யார் என்ன கேட்டாலும் சிரிப்பை அடக்கிக்கொண்டு பதில் சொல்லக்கூடியவள். எல்லாக் கணக்கும் ஒரே இடத்தில் இருக்க வேண்டும் என்றாள். நாலு பேர் ஒரே நேரத்தில் எழுதினாலும் ஒருவர் எழுதியதை இன்னொருவர் அழித்துவிடக் கூடாது, பாதி எழுதும்போது கரண்ட் போனால் அந்தப் பாதி அரைகுறையாக நிற்காமல் எழுதாததாகவே ஆகிவிட வேண்டும். இதையெல்லாம் பார்த்துக்கொள்கிற சாமானுக்கு ரிலேஷனல் டேட்டாபேஸ் என்று பெயர் சொன்னாள். ஆரக்கிள், எஸ்க்யூஎல் சர்வர், போஸ்ட்கிரெஸ் என்று மூன்று பெயர்களையும் கொடுத்தாள்.

தமிழரசுவுக்கு மூன்று என்ற எண் பிடித்துவிட்டது. எதுவாக இருந்தாலும் கோதண்டம் வழியாகத்தான் வர வேண்டும் என்று சொல்லி, அவரைக் கூப்பிட்டனுப்பி விவரம் சொன்னார். சொல்லி முடித்துவிட்டு, மழை வரும்போலிருக்கிறது என்கிற குரலில் இன்னொன்றையும் சொன்னார்.

"சர்வர் வைக்க ஏசி ரூம் வேணுமாம்ண்ணா. உங்க ரூமைத்தான் நெனச்சு வெச்சிருக்கேன். இது வந்துட்டா கொட்டேஷனெல்லாம் அதுவே கேட்டு வாங்கிக்குமாமே."

அப்படியானால் தன் மேசை எங்கே போகும் என்று கோதண்டம் கேட்டார். அதற்குள் தமிழரசுவின் போன் அடித்தது. போனைக் காதில் வைத்துக்கொண்டே "பாத்துக்கலாம்ண்ணா" என்றார். சம்பளத்துக்கு வேலை செய்கிற எவருக்கும் முதலாளி வாயிலிருந்து வருகிற பாத்துக்கலாமுக்கு என்ன பொருள் என்று தெரியும். கோதண்டத்துக்கும் தெரியும். தன் இடத்துக்கு வரப்போகிறவனுக்குத் தானே விலை பேச வேண்டும். வேறு யாராவதாக இருந்தால் கொட்டேஷனைத் தொலைத்துவிட்டு, ஆறு மாதம் இழுத்தடித்திருப்பார்கள். கோதண்டத்தால் அது முடியாது. மூன்று கொட்டேஷன் என்று காதில் விழுந்துவிட்டால் அவர் கை தானாக ஸ்கேலைத் தேடிக் கோடு போட ஆரம்பித்துவிடும்.

முதலில் சாமானைப் புரிந்துகொள்ள வேண்டும் என்று லாவண்யாவைக் கூப்பிட்டு உட்காரவைத்தார். ஆரக்கிள் என்றால் என்ன அர்த்தம் என்று கேட்டார். இங்கிலீஷில் குறி சொல்கிறவரை அப்படிச் சொல்வார்கள் என்றாள் அவள். கோதண்டத்துக்கு அது உடனே பிடிபட்டது. தன் தெருக்கோடியில் வேம்புலியம்மாள் என்று ஒரு அம்மாள் குறி சொல்வதாகவும், வெற்றிலை பாக்குக்கு மேல் அவள் கை நீட்டியதில்லை என்றும், அதை வைத்தே இவர்களிடம் பேசலாம் என்றும் சொன்னார். இரண்டாவதைச் சிலர் சீக்வல் சர்வர் என்று சொல்வார்கள் என்று தெரியாத்தனமாக லாவண்யா சொல்லிவிட்டாள். சீக்வல் என்றால் இரண்டாம் பாகம் என்று சினிமா போஸ்டர் பார்க்கிற எவருக்கும் தெரியும். "மொத பாகத்த எவன் வெச்சிக்கினு கீறான்?" என்று கேட்டார் கோதண்டம். எஸ், க்யூ, எல் என்பது டேட்டாபேஸோடு பேசுகிற மொழியின் பெயர், மூன்றுக்கும் அதே மொழிதான் என்று அவள் விளக்கி முடிக்கும்போது டீ ஆறிவிட்டது.

மூன்றாவது போஸ்ட்கிரெஸ். அதன் அடையாளம் யானை. யானைப் படத்தைக் கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டு பார்த்த கோதண்டம், தீனி யார் போடுவது என்று கேட்டார். லாவண்யா இந்தக் கேள்விக்கு மட்டும் சிரிக்கவில்லை. அதைத்தான் யோசிக்க வேண்டும் என்றாள். சாமான் சும்மா கிடைக்கும், விவரமானது, நம் கம்பெனி அளவுக்குத் தாராளமாகப் போதும். ஆனால் தினமும் அதைக் கவனித்து, காப்புப் பிரதி எடுத்து வைக்க உள்ளுக்குள் ஓர் ஆள் வேண்டும், சிக்கல் வந்தால் வெளியிலிருந்து உதவியை விலைக்கு வாங்க வேண்டும். மற்ற இரண்டில் அந்தப் பொறுப்பில் ஒரு பங்கை விற்றவரின் தலையில் கட்டலாம், அதற்கும் சேர்த்துத்தான் அவர்கள் விலை.

இவ்வளவு தெளிவாகச் சொன்னவள், கம்பேரட்டிவ் ஸ்டேட்மென்டைப் பார்த்ததும் திகைத்து நின்றாள். பல வருடமாக அதே கட்டங்கள்தான். எடை என்ன, பேக்கிங் யார் செலவு, இறக்குக்கூலி யார் தருவது, கடன் எத்தனை நாள், சாமான் சரியில்லை என்றால் எந்த லாரியில் திருப்பி அனுப்புவது. எடைக்கு எதிரே மூன்றிலும் 'இல்லை' என்று லாவண்யா எழுதினாள். எடை இல்லாத சாமானை கேட்டில் செக்யூரிட்டி எப்படி உள்ளே விடுவான் என்று கோதண்டம் கவலைப்பட்டார். அது கேட் வழியாக வராது என்றாள். சுவரேறிக் குதித்து வருகிற சாமானை அவர் இதுவரை வாங்கியதில்லை.

அடுத்து சாவியில் தகராறு. ஒவ்வொரு டேபிளுக்கும் பதிவுகளை அடையாளம் காட்ட ஒரு பிரைமரி கீ உண்டு, அதில் டூப்ளிகேட்டே வரக் கூடாது, மூன்று டேட்டாபேஸும் அதில் ரொம்பக் கண்டிப்பு என்று பெருமையாகச் சொன்னாள் லாவண்யா. கோதண்டம் நிமிர்ந்து உட்கார்ந்தார். டீ கொண்டுவருகிற துலுக்கானம் கேன்டீன் சாவியை வேட்டி மடிப்பில் செருகிக்கொண்டு திருத்தணிக்குப் போய், கம்பெனி முழுக்க டீ இல்லாமல் தவித்தது அவருக்கு மறக்கவில்லை. "டூப்ளிகேட் இல்லாத சாவிய நம்பி கம்பெனிய உடறதா? பூட்டிக்கினு போய்ட்டான்னா இன்னாம்மா பண்ணுவ?" என்றார். ஸ்டேட்மென்டில் புதிதாக ஒரு கட்டம் போட்டு, டூப்ளிகேட் சாவி என்று தலைப்பிட்டு, மூவரும் தர மறுப்பு என்று சிவப்பு மையில் எழுதினார் கோதண்டம்.

அப்போதுதான் அவருக்கு அந்த வார்த்தை உறைத்தது. ஒவ்வொரு டேபிளுக்கும் என்றாளே. மொத்தம் எத்தனை டேபிள் என்று மெதுவாகக் கேட்டார்.

"ஒரு எரநூறு வரும் சார்" என்றாள் லாவண்யா.

கோதண்டம் அறையைச் சுற்றிப் பார்த்தார். அவர் முகம் போன போக்கைப் பார்த்து, டேபிள் என்றால் இந்த மேசை இல்லை, கம்ப்யூட்டருக்குள்ளே வரிசையும் கட்டமுமாகப் போடுகிற அட்டவணை, இடமே அடைக்காது என்று அவள் அவசரமாகச் சொன்னாள். அவர் தலையாட்டினார். ஆனால் நம்பவில்லை. இடமே அடைக்காது சார் என்கிற வாக்கியத்தை அவர் எதிர் நாற்காலியில் உட்கார்ந்த எத்தனையோ வியாபாரிகளின் வாயால் கேட்டிருக்கிறார். இடமே அடைக்காது என்று வந்த கம்ப்ரசர்தான் இன்றைக்கு சைக்கிள் ஸ்டாண்டை விழுங்கிவிட்டு வெயிலில் படுத்திருக்கிறது. ஷிஃப்ட் முடிந்து எல்லாரும் போன பிறகு இன்ச் டேப்பை எடுத்து அறையை அளந்தார். எப்படி அளந்தாலும் சுவருக்குச் சுவர் ஆறு மேசைக்கு மேல் போகவில்லை.

வீட்டில் கோமளா பூண்டு உரித்துக்கொண்டிருந்தாள். "எரநூறு டேபிள் போடறாங்களாம் அந்த ரூம்ல. என் ஒரு டேபிளுக்கு எடம் இல்லியாம்" என்று சொல்லும்போது அவர் குரல் இறங்கிவிட்டது. கோமளா உரித்த பூண்டைக் கையில் வைத்துக்கொண்டு வெகு நேரம் யோசித்தாள். இருநூறையும் தரையில் எங்கே பரப்ப முடியும், ஒன்றன்மேல் ஒன்றாகத்தான் அடுக்குவார்கள் என்றாள். இது கோதண்டத்துக்குத் தோன்றவில்லை. அடுக்குவதாக இருந்தால் மூலையில் கொஞ்சம் தரை மிஞ்சும். அந்த நினைப்போடு அன்றைக்கு இரண்டு கவளம் கூடுதலாகச் சாப்பிட்டார்.

முதல் இரண்டு கொட்டேஷனுக்கும் ஆட்கள் வந்தார்கள். ஆரக்கிள் விற்க வந்த இரண்டு இளைஞர்களும் டை கட்டியிருந்தார்கள். பெரிய பெரிய வங்கிகள் நம்புகிற சாமான், எவ்வளவு பாரம் ஏற்றினாலும் தாங்கும் என்று திரையில் படம் போட்டுக் காட்டினார்கள். விலையைக் கம்ப்யூட்டரின் மூளைக்குள் எத்தனை பிரிவு இருக்கிறதோ அத்தனைக்குக் கணக்குப் பண்ணினார்கள். கோதண்டம் பையைப் பார்க்க நினைத்தார், டை மறைத்தது, டையையே பார்த்தார். ஒருவர் டையைத் தளர்த்திக்கொண்டே மேலாளருக்குப் போன் போட்டுக் குறைத்தார். கிண்டியிலிருந்து எஸ்க்யூஎல் சர்வர் விற்க வந்தவர் நடுவயதுக்காரர். உங்களிடம் இருப்பதெல்லாம் விண்டோஸ் கம்ப்யூட்டர், அதோடு கச்சிதமாகப் பொருந்தும், தெரிந்த ஆட்களும் சுலபமாகக் கிடைப்பார்கள் என்றார். அவர் சொன்னதில் தப்பே இல்லை என்று லாவண்யாவும் ஒப்புக்கொண்டாள். கோதண்டம் அவர் பையில் பார்வையை வைத்தார். விலை இறங்கியது, பயிற்சி இலவசமாயிற்று, போகும்போது ஒரு சுவர்க்கடிகாரமும் கொடுத்துவிட்டுப் போனார்.

மூன்றாவது கட்டத்தில் விலை என்ற இடத்தில் லாவண்யா பூஜ்யம் எழுதினாள். அதை லெட்டர்பேடில் எழுதி வாங்கி வரச் சொன்னார் கோதண்டம். லெட்டர்பேட் கிடையாது. ஆபீஸ் எங்கே என்று கேட்டார். ஆபீஸ் என்று ஓரிடம் கிடையாது, உலகம் பூராவும் இருந்து ஆட்கள் சேர்ந்து எழுதுகிறார்கள், யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம். யார் வந்து பேசுவார்கள் என்று கேட்டார். விற்பதற்கு ஆளே கிடையாது என்றாள். கோதண்டம் அந்தப் பூஜ்யத்தைப் பல கோணத்தில் பார்த்தார். மூன்றில் குறைந்த விலை அதுதான். குறைந்த விலைக்காரரைக் கூப்பிட்டு உட்காரவைத்து மேலும் குறைக்க வேண்டும் என்பது விதி.

"பூஜ்யத்துக்குக் கீழ போக முடியாது சார்" என்றாள் லாவண்யா.

"எல்லாரும் மொதல்ல அப்டித்தான் சொல்வாங்க" என்றார் கோதண்டம்.

இதைத் தமிழரசு தடுத்திருக்கலாம். ஆனால் அடுத்த மாதம் தரச்சான்றிதழ் தணிக்கைக்கு ஆள் வருகிறார். போன தடவை ஒரு துடைப்பம் வாங்கியதில் பேச்சுவார்த்தை நடந்த குறிப்பு இல்லை என்று அந்த மனிதர் ஒரு மதியம் முழுக்கக் கேள்வி கேட்டிருந்தார். தமிழரசு அதைக் கனவில்கூட இன்னொரு முறை பார்க்க விரும்பவில்லை. பேச்சுவார்த்தையை நடத்திவிடுங்கள், லாவண்யாவும் கூட இருக்கட்டும், டீ நேரத்துக்குள் முடித்துவிடுங்கள் என்று சொல்லிவிட்டார்.

ஆக, ஒரு வெள்ளிக்கிழமை மத்தியானம் பேச்சுவார்த்தை தொடங்கியது. மேசைக்கு இந்தப் பக்கம் சலவைச் சட்டையில் கோதண்டம். பக்கவாட்டில் லாவண்யா. எதிரே காலி நாற்காலி. வியாபாரி வந்தால் இரண்டு டீ என்பது வழக்கம் என்பதால் துலுக்கானம் நாற்காலிக்கு முன்னால் ஒரு டம்ளரை வைத்துவிட்டு, எதற்கும் இருக்கட்டும் என்று கொஞ்சம் குனிந்து கும்பிட்டுவிட்டுப் போனார். கண்ணாடிக்கு வெளியே ஸ்டோர் ஆட்களும் பிரஸ் ஆட்களும் ஏதோ வேலையாகப் போவதுபோல மெதுவாகப் போய், மெதுவாகத் திரும்பி வந்தார்கள். தமிழரசுவும் கையில் போனை வைத்துக்கொண்டு அவர்களோடு நின்றார்.

"கடைசியா சொல்லு நைனா" என்றார் கோதண்டம்.

பிறகு வாயை மூடிக்கொண்டு, பை இருக்க வேண்டிய இடத்தைப் பார்த்தார். அங்கே நாற்காலியின் பிளாஸ்டிக் முதுகுதான் இருந்தது. ஏசி ஓடியது. பிரஸ் மிஷின் இடித்தது. நெளிய ஓர் உடம்பு இல்லை, சரி செய்ய ஒரு பேனா இல்லை, மூட ஒரு பை இல்லை. டீயின் மேல் ஆடை படிந்தது. லாவண்யாவுக்கு முதலில் சிரிப்பு முட்டிக்கொண்டு வந்தது. கொஞ்ச நேரத்தில் அது அடங்கிவிட்டது. கோதண்டத்தின் நெற்றியில், அந்த ஏசிக் குளிரிலும், வேர்வை அரும்பியிருப்பதை அவள் பார்த்தாள்.

அவர் நெளிந்தார். சட்டைப்பையிலிருந்த பேனாவைச் சரி செய்தார். பையைக் கையால் மூடிக்கொண்டார். மூடிய வாயை இத்தனை வருடத்தில் அந்த அறையில் அவர் முதலில் திறந்ததில்லை. இன்றைக்குத் திறந்தார்.

"வெலைய வுடு. அது கெடக்குது" என்றார். நாற்காலியின் பக்கம் குனிந்தார். "நீ வா, வேணான்னு சொல்லல. இந்தம்மா நல்ல பொண்ணு, நீதான் தோதுன்னு சொல்லுது. எரநூறு டேபிள் போட்டுக்க. மேல மேல அட்க்கிக்க. அத்தோட ஒண்ணா என்னுதும் இர்க்கட்டும். நான் ஒரு ஓரமா குந்திக்கினு கீறேன். இன்னா?"

கண்ணாடிக்கு வெளியே சிரித்துக்கொண்டிருந்தவர்களுக்கு உள்ளே பேசுவது கேட்கவில்லை. உதடு அசைவதைப் பார்த்து, பெரியவர் எப்படியோ பூஜ்யத்தையும் மடக்கிவிட்டார் என்று அவர்களுக்குள் பேசிக்கொண்டார்கள். லாவண்யாவுக்குக் கேட்டது. டேபிள் என்றால் இந்த டேபிள் இல்லை சார் என்று சொல்ல வாயெடுத்தவள் சொல்லவில்லை. தான் எழுதப்போகிற இருநூறில் எந்த அட்டவணை அவர் இங்கே உட்கார்ந்து செய்கிற வேலையைச் செய்யும் என்று அவளுக்குத் தெரியும். அவளுக்கு அவரை நிமிர்ந்து பார்க்கச் சங்கடமாக இருந்தது. மேசையின் மரத்தில் இருந்த டீ வட்டங்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

நாற்காலி பதில் சொல்லவில்லை. கோதண்டம் எழுந்தார். மேசையின் விளிம்பை இரண்டு கையாலும் பிடித்து, கால்கள் தரையில் கிரீச்சிட, மூலையை நோக்கி இழுத்துக்கொண்டு போனார். சுவருக்கும் மேசைக்கும் நடுவே வயிற்றை உள்ளிழுத்து நுழைந்து உட்கார்ந்தார். அறையின் நடுவில் இப்போது பெரிய இடம் காலியாக இருந்தது.

"இது போதுமா?" என்று கேட்டார்.

நாற்காலி அப்போதும் ஒன்றும் சொல்லவில்லை. கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு மறுபடி எழுந்து, யாரும் கேட்காமலே, மேசையை இன்னும் ஒரு சாண் மூலைக்குள் தள்ளினார்.